பைக்கின் முன் மட்கார்டு மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மழையில் ஒரு வளைவில் திரும்பும்போது முன்பக்கம் 'கர்ர்ர்' என்று உரசும் சத்தம். நிறுத்திக் குனிந்து பார்த்தால், மட்கார்டு ஒரு பக்கமாகச் சரிந்து டயர்மேல் உட்கார்ந்திருக்கிறது. மெதுவாகப் போனதால் தப்பித்தேன். வேகத்தில் அது உடைந்து டயருக்கும் ஃபோர்க்குக்கும் (முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் குழாய்கள்) நடுவே சிக்கியிருந்தால் முன்சக்கரம் சுழலாமல் நின்றிருக்கும். நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

அந்த மட்கார்டை மாட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பழையது விரிசல் விட்டதால் மாற்றக் கொடுத்தேன். "ஒரிஜினல் வர நாளாகும் சார். இதுவும் அதே அளவுதான், பார்க்க ஸ்டைலா இருக்கும்" என்று மெக்கானிக் குட்டையான ஒன்றைக் காட்டினார். நானும் சரி என்றேன். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்காமல் போனது என் தவறு.

இன்னொரு மெக்கானிக் கழற்றிக் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. என் வண்டியின் பழைய மட்கார்டில் போல்ட் போகும் ஒவ்வொரு ஓட்டையிலும் சின்ன இரும்பு புஷ், அதாவது குட்டிக் குழாய் மாதிரி ஒன்று, இருந்தது. போல்ட்டை முறுக்கும்போது அந்த இறுக்கத்தை புஷ் வாங்கிக்கொள்ளும், பிளாஸ்டிக் நசுங்காது. முதல் ஆள் புஷ் எதையும் போடாமல் நேராக பிளாஸ்டிக்மேலேயே முறுக்கிவிட்டார். பள்ளம் மேட்டில் அதிர அதிர ஓட்டையைச் சுற்றி விரிசல் ஓடி, ஒரு பக்கம் முழுவதுமாகப் பிய்ந்துவிட்டது.

அப்புறம் பழைய மட்கார்டோடு இருந்த இரும்புப் பட்டை. மட்கார்டோடு சேர்ந்து இரண்டு ஃபோர்க் கால்களையும் பிணைத்து, தனித்தனியாக முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து வைப்பது அதுதான். "புதுசுல அது உட்காராது" என்று அதையும் கழற்றி வைத்துவிட்டார். கொஞ்ச நாளாகவே ஹேண்டில் தளர்ந்த மாதிரி இருந்ததை நான் டயர் காற்றுக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புது மட்கார்டு குட்டையாக இருந்ததால் சேறு ஃபோர்க் குழாய்மேல் நேராக அடித்து, உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் சீலுக்குள் மணல் போய், ஒரு பக்கம் எண்ணெய் கசியத் தொடங்கியிருந்தது. அந்த எண்ணெய் வழிந்து பிரேக் டிஸ்க்கில் பட்டிருந்தால் பிரேக்கும் போயிருக்கும். மட்கார்டு வெறும் அழகுக்கு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

முதல் மெக்கானிக்கிடம் கேட்கப் போனால், "பள்ளத்துல விட்டிருப்பீங்க" என்று என்மேலேயே பழி போட்டார். பழைய பட்டையும் புஷ்ஷும் எங்கே என்றால், குப்பையோடு போய்விட்டதாம்.

மாற்றக் கொடுத்தால் கழற்றிய பாகங்களைக் கையில் வாங்குங்கள். புஷ், பட்டை இரண்டும் திரும்ப ஏறியதா என்று எண்ணிப் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, டயருக்கும் மட்கார்டுக்கும் சுற்றிலும் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். கழுவும்போது அடிப்பக்கத்திலும் தண்ணீர் பாய்ச்சுங்கள். அங்கே ஒட்டிய சேறு ஈரத்தைப் பிடித்து வைக்கும், இரும்பு மட்கார்டு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். சமீபத்தில் மாற்றியவர்கள் இன்றைக்கே மட்கார்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அப்படியே ஓட்ட வேண்டாம்.