இன்டிஜினஸ் கிரிமினாலஜி: செகண்ட் ஹேண்ட்ல வாங்கி மூணு மாசம் படிச்ச புக்

மொதல்லயே சொல்லிடுறேன், இது தூங்கப் போறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கம் புரட்டுற புக் இல்ல. கிறிஸ் கனீன்னு ஆஸ்திரேலியாவுல ஒரு கிரிமினாலஜிஸ்ட், அதாவது குற்றவியல் ஆராய்ச்சியாளர், பூர்வகுடிகள், போலீஸ், சின்ன பசங்களுக்கான சட்டம் இதுலயே பல வருஷமா ஆராய்ச்சி பண்றவர், அவரும் ஹுவான் டௌரின்னு ஒரு மாவோரி, அதாவது நியூசிலாந்து பூர்வகுடி, ஆய்வாளரும் சேர்ந்து எழுதி 2016ல பாலிசி பிரஸ் வெளியிட்டது. நான் சிட்னில சோஷியல் ஒர்க் படிக்கிறேன், புது காப்பி விலைய பாத்துட்டு ஆன்லைன்ல செகண்ட் ஹேண்ட்ல 32 டாலருக்கு புடிச்சேன். "புதுசு மாதிரி"ன்னு போட்டிருந்தான், வந்து பாத்தா முதல் நாப்பது பக்கம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர், அதுக்கப்புறம் ஒரு கோடு கூட இல்ல. எவனோ அதோட கைய தூக்கிட்டான்னு புரிஞ்சுது. நானும் கிட்டத்தட்ட அதே இடத்துல மாட்டினேன், தியரி அவ்ளோ அடர்த்தி. ஆனா அத தாண்டிட்டா புக் வேற மாதிரி ஆயிடுது, அதுக்காகத்தான் இந்த ரிவ்யூ.

ஏன் வாங்கினேன்னா, சிட்னில டூங்காபிங்கற ஏரியாவுல ஒரு பர்த்டே பார்ட்டில, நம்ம ஆளுங்கதான், ஒரு அண்ணன் கேட்டாரு, "ஏன்ப்பா, கவர்மென்ட்டு இவ்ளோ காசு கொடுக்குது, இந்த அபாரிஜினல் பசங்க ஏன் இன்னும் கார் திருடிட்டு ஜெயிலுக்கு போறாங்க?" அபாரிஜினல்னா இங்க இருக்குற பூர்வகுடிங்க. அவரு கெட்ட மனுஷன் இல்ல, நியூஸ்ல பாக்குறத கேக்குறாரு. எனக்கு பதில் வரல, பூந்திய வாயில போட்டுக்கிட்டு "பெரிய சப்ஜெக்ட்ணா"ன்னு சமாளிச்சேன். படிப்போட பயிற்சிக்கு (பிளேஸ்மென்ட்) போறது யூத் சென்டருக்கு, இதுக்கே பதில் தெரியலன்னா எப்புடின்னு வெக்கமா போச்சு.

புக் என்ன பண்ணுதுன்னா அந்த கேள்வியவே கழட்டி வெச்சிடுது. இந்த பசங்க ஏன் குத்தம் பண்றாங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா தப்பு அவங்க குடும்பத்துலயும் அவங்க பழக்கவழக்கத்துலயும்தான்னு முடிவுக்கு வந்து நிக்கும், வழக்கமான கிரிமினாலஜி இத்தனை காலமா அதத்தான் பண்ணிச்சுங்கறாங்க. அதுக்கு பதிலா போலீஸ், கோர்ட், ஜெயில் எல்லாம் இந்த மண்ணுக்கு எதுக்கு வந்துச்சுன்னு கேளுங்கறாங்க. போலீஸ் பத்தின அத்தியாயத்துல எனக்கு தூக்கமே போச்சு. இங்க போலீஸ்ங்கறது திருடன் புடிக்க மட்டும் வந்த டிபார்ட்மென்ட் இல்ல, நிலத்த புடிச்சப்போ எதிர்த்தவங்கள அடக்குறதுக்கும், அப்புறம் பூர்வகுடி பாதுகாப்புச் சட்டம்னு பேரு வெச்சு அம்மா கையிலேருந்து குழந்தைய பிடுங்கிட்டு போறதுக்கும் வந்த ஆளுங்க. நியூ சவுத் வேல்ஸ்ல 1909ல அந்த சட்டம் வந்துச்சு, 1915ல திருத்துனப்புறம் கோர்ட்டுக்கு போகாமலே குழந்தைய எடுத்துட்டு போலாம்னு ஆச்சு. இப்ப ஒரு பாட்டி போலீஸ் காரப் பாத்ததும் பேரன உள்ள இழுத்து கதவ சாத்துறான்னா அது அவ நேத்து கத்துக்கிட்டது இல்லையே.

இத படிக்கிறப்போ நம்ம ஊரு கைரேகைச் சட்டம் ஞாபகம் வராம இருக்காது. 1871ல வெள்ளக்காரன் போட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், உசிலம்பட்டி பக்கத்துல பெருங்காமநல்லூர்ல அத எதிர்த்தவங்க மேல 1920ல துப்பாக்கிச்சூடு. பொறந்தப்பவே குற்றவாளின்னு ரிஜிஸ்டர்ல ஏத்துறது. அந்த அண்ணனுக்கு சொந்த ஊரு உசிலம்பட்டி பக்கம்தான், அதனால இந்த இடம் அவருக்கு நான் சொல்லாமலே புரியும்னு நெனச்சேன்.

இப்ப எங்க சென்டருக்கு வர்ற ஒரு பையன பத்தி, அடையாளம் எதுவும் சொல்ல மாட்டேன். பதிமூணு வயசு. போன்ல தினமும் சாயங்காலம் 7.40க்கு அலாரம் அடிக்கும், கேரம் ஆடிக்கிட்டு இருந்தாலும் அப்படியே போட்டுட்டு ஓடுவான். பெயில் கண்டிஷன், எட்டு மணிக்குள்ள வீட்ல இருக்கணும். ராத்திரி பன்னெண்டரைக்கு போலீஸ் வந்து கதவ தட்டும், இவன் எழுந்து வாசல்ல வந்து மூஞ்சிய காட்டணும். தட்டுற சத்தம் கேக்காம போயிட்டா கண்டிஷன மீறுனதா ஆயிடும்னு அவன் பாட்டி மாசக்கணக்கா ஹால் சோபாவுலதான் படுக்குது. அவன் பண்ணதா சொல்ற குத்தத்துக்கு இன்னும் தீர்ப்பே வரல, ஆனா அந்த வீட்டுக்கு தண்டனை ஆரம்பிச்சாச்சு. புக்ல ஒரு குத்தமும் புதுசா பண்ணாமலே ஒருத்தன் மறுபடி மறுபடி சிஸ்டத்துக்குள்ள எப்படி போயிடுறான்னு விளக்கற இடத்துல எனக்கு அந்த சோபாதான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

இந்த நாட்டுல பத்துலேருந்து பதினேழு வயசு பசங்கள்ல பூர்வகுடி பசங்க நூத்துக்கு சுமாரா 6 பேரு, ஆனா தடுப்பு மையத்துல இருக்குறவங்கள்ல பாதிக்கு மேல அவங்கதான். அதுலயும் முக்கால்வாசிக்கு மேல ரிமாண்ட், தண்டனையே ஆகாதவங்க. நியூ சவுத் வேல்ஸ்ல 1997ல யங் அஃபெண்டர்ஸ் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, சின்ன தப்புக்கு எச்சரிக்கை கொடுத்து அனுப்பலாம், இல்ல பாதிக்கப்பட்டவங்களோட உக்கார வெச்சு பேசலாம், கோர்ட்டுக்கே போக வேணாம். நல்ல சட்டம்தான், ஆனா எச்சரிக்கையா கோர்ட்டான்னு முடிவு பண்றது பெரும்பாலும் அந்த நேரத்துல நிக்கிற போலீஸ்காரர், அங்கதான் ஒரே தப்புக்கு ஒரு பையன் வீட்டுக்கும் இன்னொருத்தன் கோர்ட்டுக்கும் போறான். கனீன் பல வருஷமா அடிச்சு சொல்ற விஷயம் இது.

எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி வேற. நியூசிலாந்துல 1989 சட்டத்துல வந்த ஃபேமிலி குரூப் கான்ஃபரன்ஸ், குடும்பம் மொத்தமும் உக்காந்து பையனுக்கு என்ன பண்ணலாம்னு பேசுறது. எங்க கிளாஸ்ல இத மாவோரி மரபுலேருந்து வந்ததுன்னு சொல்லி கோயில் பிரசாதம் மாதிரி கொடுத்தாங்க. டௌரி அத போட்டு ஒடைக்கிறாரு. மாவோரி வாசனைய மேல தெளிச்சுட்டு உள்ள நடத்துறது அதே அரசாங்க அதிகாரிதான், அப்புறம் அத பொட்டலம் கட்டி கனடா ஆஸ்திரேலியான்னு மத்த பூர்வகுடிகளுக்கே ஏற்றுமதி பண்ணி வித்தாங்கங்கறாரு. ஒரு மாவோரி ஆளே இத சொல்றப்போ கிளாஸ்ல கை தட்டுன எங்களுக்கு மூஞ்சி தொங்கிடுச்சு. கொஞ்சம் ஓவரா போறாரோன்னும் தோணுச்சு, ஏன்னா அந்த சட்டத்துக்கு அப்புறம் அங்க கோர்ட்டுக்கு போற பசங்களும் ஹோம்ல அடைபடுற பசங்களும் நல்லாவே கொறஞ்சாங்க, அதுக்கு அவரு கொடுக்குற மதிப்பு பத்தாது.

இப்ப குறைகள். மொழி. ஒரு வாக்கியம் அஞ்சு வரி ஓடும், முடிவுக்கு வர்றப்போ ஆரம்பம் மறந்துடும், அடைப்புக்குள்ள பத்து பேரு பேரு வேற. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கான்னு நாலு நாட்ட ஒரே மூச்சுல சொல்றதால எந்த சட்டம் எந்த ஊருதுன்னு நான் பென்சில்ல ஓரத்துல எழுதிக்கிட்டேதான் படிச்சேன். பசங்களுக்குன்னு தனி அத்தியாயம் கிடையாது, அங்கங்க செதறி கெடக்கு, அது மட்டும்தான் வேணும்னா கனீன் ராப் வைட்டோட சேர்ந்து எழுதுன ஜுவனைல் ஜஸ்டிஸ் டெக்ஸ்ட்புக் வாங்குங்க. அதவிட எனக்கு உறுத்துனது, பூர்வகுடிகள் சொல்றத கேட்டு ஆராய்ச்சி பண்ணுங்கன்னு பக்கம் பக்கமா சொல்ற புக்ல ஒரு பதினாலு வயசு பையனோ பொண்ணோ நேரா பேசுறத நான் எங்கயும் கேக்கல.

2016க்கு அப்புறம் நடந்தது நீங்களாதான் சேர்த்துக்கணும். அதே வருஷம் ஜூலைல டார்வின் பக்கத்துல டான் டேல் தடுப்பு மையத்துல பசங்க மேல கண்ணீர்ப்புகை அடிச்ச வீடியோ டிவில வந்து ராயல் கமிஷன்னு பெரிய அரசு விசாரணைக் குழு போட்டாங்க, 2017ல அந்த மையத்த மூடுங்க, குத்தவாளின்னு புடிக்கிற வயச பத்துலேருந்து பன்னெண்டாக்குங்கன்னு சொன்னாங்க. 2023ல வடக்கு பிரதேசம் பன்னெண்டாக்குச்சு, 2024ல ஆட்சி மாறுனதும் திரும்ப பத்துக்கே கொண்டு வந்துட்டாங்க. பத்து வயசுன்னா அஞ்சாங்கிளாஸ் பையன்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். சோஷியல் ஒர்க், சட்டம், டீச்சிங் படிக்கிறவங்க வாங்கலாம், சும்மா ஆர்வத்துக்குன்னா லைப்ரரில எடுத்து போலீஸ் அத்தியாயமும் இந்த ஏற்றுமதி அத்தியாயமும் மட்டும் படிங்க. விக்கிறவன்கிட்ட ஹைலைட்டர் இருக்கான்னு கேட்டு வாங்குங்க. என் காப்பிய கேக்காதீங்க, அந்த உசிலம்பட்டி அண்ணன் வாங்கிட்டு போயிருக்காரு, ஒன்றரை மாசமாச்சு, கேட்டா "போலீஸ் வரைக்கும் வந்துட்டேன்ப்பா"ங்கறாரு.