பொருளும் போச்சு, பணமும் போச்சு: வெளிநாட்டு கார்டு ஆர்டர் எடுக்கும் ஆன்லைன் கடைக்காரர்கள் கவனத்துக்கு

ஆன்லைனில் புடவை, நகை, மொபைல் விற்பவர்கள், அதிலும் வெளிநாட்டு ஆர்டர் எடுப்பவர்கள், அடுத்த பார்சலைக் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு நடந்தது இது. கடையின் பெயரும் வேண்டாம், வாடிக்கையாளரிடம் ஆன்லைனில் பணம் வாங்கிக் கடைக்குக் கொடுக்கும் பேமென்ட் கேட்வேயின் பெயரும் வேண்டாம். வேறு எந்தக் கேட்வேயாக இருந்திருந்தாலும் முடிவு பெரிதாக மாறியிருக்காது.

ஒரே வாரத்தில் மூன்று ஆர்டர்: 38,000, 42,500, 61,000. மொத்தம் 1,41,500 ரூபாய், மூன்றும் வெளிநாட்டு கிரெடிட் கார்டு. வெப்சைட்டில் 'பேமென்ட் சக்ஸஸ்' வந்தது. கேட்வேயின் டேஷ்போர்டில் 'கேப்சர்டு' (பணம் எடுக்கப்பட்டது) என்று காட்டியது. சில நாளில் கமிஷன் போக மீதி கரன்ட் அக்கவுன்ட்டுக்கே வந்துவிட்டது. புடவைகளை கொரியரில் அனுப்பினார்கள், வாங்கியவர் கையெழுத்தோடு டெலிவரி ரசீதும் வந்தது. ஒன்றரை மாதம் கழித்து கேட்வேயிடமிருந்து மூன்று மெயில். கார்டுகளின் உண்மையான சொந்தக்காரர்கள், "இதை நாங்கள் வாங்கவே இல்லை" என்று அவரவர் பேங்கில் புகார் கொடுத்துவிட்டார்கள். சார்ஜ்பேக், அதாவது கார்டுக்காரர் புகாரின்பேரில் பணத்தைக் கடையிடமிருந்து திரும்பப் பிடிப்பது. பதில் கொடுக்க ஏழு நாள் அவகாசம்.

கடைக்காரர் டெலிவரி ரசீதுகளை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தார். மூன்றிலும் தோற்றார். கேட்வே 1,41,500 ரூபாயையும், ஒவ்வொரு சார்ஜ்பேக்குக்கும் தனிக் கட்டணத்தையும், அடுத்தடுத்து வந்த செட்டில்மென்ட்டுகளில் (கடைக்கு வர வேண்டிய விற்பனைப் பணத்தில்) பிடித்துக்கொண்டது. உள்ளூர் ஆட்கள் யுபிஐயில் கட்டிய பணமும் அதில் போனது. தறிக்காரர்களுக்குக் கூலி கொடுக்க வைத்திருந்த பணம் அதுதான்.

டெலிவரி ரசீது இருந்தும் ஏன் தோற்றார் என்பதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு சார்ஜ்பேக்குக்கும் ஒரு காரணக் குறியீடு உண்டு. மெயிலின் மூலையில் சின்னதாக இருக்கும், பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. விசா கார்டில் 13.1 என்றால் 'பொருள் வந்து சேரவில்லை'. அதற்கு டெலிவரி ரசீது நல்ல ஆயுதம். 13.3 என்றால் 'சொன்னபடி இல்லை, சேதம்'. அதற்குப் பொருளின் போட்டோ, விற்பனைப் பக்கத்தில் இருந்த வர்ணனை, பணம் கட்டும்போது வாடிக்கையாளர் டிக் செய்து ஏற்றுக்கொண்ட ரிட்டர்ன் விதி ஆகியவை வேண்டும். வெப்சைட்டின் அடியில் எங்கோ ஒரு லிங்க்கில் ரிட்டர்ன் விதியைப் போட்டு வைத்திருந்தால் அது எடுபடாது. இந்தக் கடைக்கு வந்தது 10.4, அதாவது கார்டு நேரில் இல்லாத மோசடி. மாஸ்டர்கார்டில் இதற்கு 4837. பொருள் போய்ச் சேர்ந்ததை இங்கே யாருமே மறுக்கவில்லை. கார்டுக்குச் சொந்தக்காரர் வாங்கவில்லை என்பதுதான் புகார். திருடனிடம் பொருள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததற்குத்தான் கடைக்காரர் ஆதாரம் கொடுத்திருக்கிறார்!

10.4-க்கு எதிராக விசா ஏற்கும் வலுவான ஆதாரம் ஒன்று உண்டு, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே கார்டில் 120 முதல் 365 நாள் பழைய, தகராறு இல்லாத இரண்டு பேமென்ட் உங்களிடம் இருக்க வேண்டும். அவற்றோடு ஐ.பி. முகவரி, டிவைஸ் அடையாளம், லாகின், டெலிவரி முகவரி ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். அந்த இரண்டில் ஒன்று ஐ.பி.யாகவோ டிவைஸாகவோ இருந்தே ஆக வேண்டும். பழைய வாடிக்கையாளர் வாங்கிவிட்டு இல்லையென்று சாதித்தால் இது காப்பாற்றும். முதல்முறை வாங்குபவர் விஷயத்தில் உதவாது.

அப்போது என்னதான் காப்பாற்றும்? ஓ.டி.பி. இந்திய கார்டில் ஆன்லைனில் பணம் கட்டினால் கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2009-லேயே விதித்துவிட்டது. அந்த விதி வெளிநாட்டு பேங்க் கொடுத்த கார்டுக்குப் பொருந்தாது. கார்டு எண், காலாவதித் தேதி, பின்னால் உள்ள மூன்று இலக்கம் இருந்தாலே பல கேட்வேகளில் பேமென்ட் போய்விடும். இந்த மூன்றும் மொத்தமாகத் திருட்டுச் சந்தையில் விற்கப்படுகின்றன. த்ரீ-டி செக்யூர் என்கிற, ஓ.டி.பி. மாதிரியான சரிபார்ப்பு நடந்திருந்தால், மோசடிப் புகாரின் நஷ்டம் பொதுவாகக் கார்டு கொடுத்த பேங்க்குக்குப் போகும். நடக்காவிட்டால் உங்கள் தலையில்.

நடந்ததா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு எண் இருக்கிறது: சரிபார்ப்பின் நிலையைச் சொல்லும் குறியீடான ஈ.சி.ஐ. விசாவில் 05 என்றால் சரிபார்ப்பு முழுதாக நடந்தது, 06 என்றால் முயற்சி நடந்தது, 07 என்றால் நடக்கவே இல்லை. மாஸ்டர்கார்டில் இதே வரிசையில் 02, 01, 00. டேஷ்போர்டில் தெரியவில்லை என்றால் கேட்வே சப்போர்ட்டுக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். இந்தக் கடையின் மூன்று ஆர்டரிலும் 07. 'இன்டர்நேஷனல் பேமென்ட்' ஆன் செய்து கொடுத்தபோது, சரிபார்ப்பு இல்லாத கார்டையும் ஏற்கும்படித்தான் செட்டிங் இருந்தது. கேட்வேயின் சேல்ஸ் ஆள் 'கன்வர்ஷன் நல்லா இருக்கும்' (ஆர்டர் பாதியில் நிற்காது) என்றாரே தவிர, நஷ்டம் யாருக்கு என்று வாய் திறக்கவில்லை. ஒப்பந்தத்தில் இருந்தது. யார் படித்தார்கள்?

ஆகவே இப்போதே ஒரு மெயில் போடுங்கள்: 'சரிபார்ப்பு நடக்காத வெளிநாட்டு கார்டு பேமென்ட்டை நிராகரிக்கவும்.' சில உண்மையான ஆர்டர்கள் கைவிட்டுப் போகும். போகட்டும்.

அந்த மூன்று ஆர்டர்களிலும் அறிகுறிகள் இல்லாமல் இல்லை. 61,000 ரூபாய் பேமென்ட்டுக்கு முன்னால் பதினைந்து நிமிடத்துக்குள் நான்கு வெவ்வேறு கார்டுகள் தோல்வி. கார்டு ஒரு நாட்டுடையது, ஐ.பி. இன்னொரு நாட்டுடையது. டெலிவரி முகவரி வீடு அல்ல, சரக்கு வாங்கி வேறு நாட்டுக்கு அனுப்பும் கிடங்கு. நிறம், ஜரிகை, பிளவுஸ் துணி பற்றி ஒரு கேள்வி இல்லை. 61,000 ரூபாய்க்குப் பட்டு எடுப்பவர் எவரும் போட்டோ கேட்காமல் எடுக்க மாட்டார். இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது ஒன்றே போதும். சில கும்பல்கள் இன்னொரு படி மேலே போகும். "ஷிப்பிங்கை எங்கள் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார், கார்டில் 45,000 கூடுதலாக எடுத்துக்கொண்டு அதை அவர் அக்கவுன்ட்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்பார்கள். அங்கேயே நிறுத்துங்கள். வந்த பணத்தை வந்த கார்டுக்கே, டேஷ்போர்டின் ரீஃபண்ட் பட்டன் வழியாக மட்டும்தான் திருப்ப வேண்டும்.

சந்தேகம் வந்தால் பொருளை அனுப்பும் முன்பே ரீஃபண்ட் செய்துவிடுங்கள். கேட்வே கமிஷன் பெரும்பாலும் திரும்பாது. உதாரணமாக 18,500 ரூபாய் ஆர்டருக்கு 3% கமிஷன் என்றால் 555, அதற்கு 18% ஜிஎஸ்டி 99.90, ஆக 654 ரூபாய் 90 பைசா நஷ்டம். அதோடு போகும். ஆனால் சார்ஜ்பேக் வந்த பிறகு பயந்துபோய் ரீஃபண்ட் பட்டனை அமுக்காதீர்கள். ரீஃபண்டும் போய், சார்ஜ்பேக்கிலும் பணம் போய், ஒரே தொகையை இரண்டு முறை இழந்தவர்கள் உண்டு. வாடிக்கையாளர் பக்கம் நியாயம் என்றால் டேஷ்போர்டில் அந்தச் சார்ஜ்பேக்கை 'ஏற்கிறேன்' என்று கொடுத்தால் போதும்.

அடுத்து, கேட்வே செய்தது. மூன்று சார்ஜ்பேக் வந்ததும் கடையை 'ஹை ரிஸ்க்' ஆக்கி, ரோலிங் ரிசர்வ் போட்டது. ஒவ்வொரு விற்பனையிலும் 10% பிடித்து 180 நாள் கழித்துத்தான் விடுவிக்கும். மாதம் 4 லட்சம் வியாபாரம் என்றால் மாதம் 40,000. ஆறு மாதத்தில் 2,40,000 ரூபாய் முடங்கிவிடும். அதற்குப் பிறகுதான் முதல் மாதத்துப் பணம் திரும்ப வர ஆரம்பிக்கும். 180 நாள் ஏன் என்றால், கார்டுக்காரர் புகார் கொடுக்கவே பொதுவாக 120 நாள் இருக்கிறது, அதற்கு மேல் விசாரணைக் காலம். காரணம் நியாயமானதுதான். முன்னறிவிப்பு ஒரு வரி மெயில் என்பதும், அது ஸ்பாம் ஃபோல்டரில் கிடந்தது என்பதும்தான் கொடுமை. ஒப்பந்தத்தில் 'ரிசர்வ்', 'ஹோல்டு' (பணத்தைப் பிடித்து வைப்பது), 'செட்-ஆஃப்' (வர வேண்டிய பணத்தில் கழித்துக்கொள்வது), 'இன்டெம்னிட்டி' (நஷ்டத்தை நீங்கள் ஈடுகட்டுவது) என்கிற சொற்கள் வரும் பத்திகளைத் தேடிப் படியுங்கள். எத்தனை சதவீதம், எத்தனை நாள், எந்த நிலையில் எடுப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 'எங்கள் விருப்பப்படி' என்று மட்டும் இருந்தால், கைவசம் இன்னொரு கேட்வே கணக்கும் வைத்திருப்பது நல்லது.

வெளிநாட்டு ஆர்டரே எடுப்பதில்லை, யுபிஐ மட்டும்தான் என்பவர்களுக்கு வேறு வகைப் பொறி. மொபைல், தங்கக் காசு மாதிரி உடனே விற்றுக் காசாக்கக்கூடிய பொருளை ஒருவன் வாட்ஸ்அப்பில் ஆர்டர் செய்வான். க்யூ.ஆர். கேட்பான். அதை அப்படியே, ஏற்கெனவே வேறு பொய் சொல்லி வலையில் போட்டிருக்கும் மூன்றாம் நபருக்கு ஃபார்வேர்டு செய்வான். பணம் கட்டுவது அந்த அப்பாவி, பொருள் போவது மோசடிக்காரனுக்கு. ஏமாந்தவர் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு அழைத்ததும், பணம் போன தடத்தில் முதலில் நிற்பது உங்கள் அக்கவுன்ட். போலீஸ் கடிதத்தின்பேரில் பேங்க் அந்தத் தொகையை நீங்கள் எடுக்க முடியாதபடி லியன் போடும், சில சமயம் கணக்கையே முடக்கும். பணம் வந்துவிட்டது, யுபிஐயில் திரும்ப எடுக்க முடியாது என்ற நம்பிக்கை இங்கே உதவாது.

அதனால் கட்டியவர் பெயரும் டெலிவரி பெயரும் வேறாக இருந்தால், கட்டியவரிடமே பேசாமல் பொருளை விடாதீர்கள். கடை க்யூ.ஆரை சாட்டில் அனுப்பாமல், ஆர்டர் எண்ணோடு கூடிய பேமென்ட் லிங்க்கை அனுப்புங்கள், பொருளின் பெயரும் கடையின் பெயரும் அதில் தெரியட்டும். மீறி முடக்கம் வந்துவிட்டால் பேங்க்கிடம் மூன்று விவரம் எழுத்தில் வாங்குங்கள்: புகாரின் அக்னாலெட்ஜ்மென்ட் எண், எந்த மாநிலம் எந்த சைபர் கிரைம் ஸ்டேஷன், தகராறில் உள்ள தொகை எவ்வளவு. பிறகு விசாரணை அதிகாரிக்கு ஜிஎஸ்டி பில், சாட், கொரியர் பார்சலின் ஏ.டபிள்யூ.பி. (டிராக்கிங்) எண் ஆகியவற்றோடு மெயில் போட்டு, லியனை அந்தத் தொகைக்கு மட்டும் சுருக்கும்படி கேளுங்கள். 4,000 ரூபாய் புகாருக்காக மொத்தக் கணக்கும் நிற்க வேண்டியதில்லை.

வெப்சைட் வைத்திருப்பவர்கள் டெவலப்பரிடம் சில விஷயம் கேளுங்கள். 'தேங்க் யூ' பக்கம் திறந்தாலே ஆர்டரை உறுதி செய்கிறாரா? அந்தப் பக்கத்தின் முகவரியை யாரும் டைப் செய்யலாம். பேமென்ட் பற்றிக் கேட்வே நேராக உங்கள் சர்வருக்கு அனுப்பும் தகவலான வெப்ஹுக்கின் சிக்னேச்சரைச் சரிபார்த்து, தொகையும் ஆர்டர் தொகையும் ஒன்றா என்று சர்வரில் பார்த்த பிறகே உறுதி செய்ய வேண்டும். 'ஆத்தரைஸ்டு' என்றால் தொகை பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது, இன்னும் எடுக்கப்படவில்லை. குறித்த நாளுக்குள் கேப்சர் செய்யாவிட்டால் வாடிக்கையாளருக்கே திரும்பிவிடும். 'கேப்சர்டு' ஆகாமல் பார்சல் கட்ட வேண்டாம். நள்ளிரவில் 50 ரூபாய் பொருளுக்கு நூற்றுக்கணக்கான கார்டு முயற்சிகள் வந்தால் அது கார்டு டெஸ்டிங், திருட்டு கார்டு வேலை செய்கிறதா என்று பார்ப்பது. ஒரு ஐ.பி.க்கு இத்தனை முயற்சிதான் என்று வரம்பும் கேப்சாவும் போட்டு, வெற்றியான சில பேமென்ட்டுகளை அன்றே ரீஃபண்ட் செய்யுங்கள். விட்டுவைத்தால் ஒவ்வொன்றும் சார்ஜ்பேக்காக வரும்.

கேட்வே பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் சப்போர்ட் டிக்கெட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்காதீர்கள். ஒவ்வொரு பேமென்ட் அக்ரிகேட்டரும் (கடைகளுக்காகப் பணம் வாங்கிக் கொடுக்கும் இதுபோன்ற கேட்வே நிறுவனம்) குறைதீர்க்கும் நோடல் அதிகாரியின் விவரத்தை வெப்சைட்டில் போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதிமுறை. டிக்கெட் எண், பேமென்ட் ஐ.டி., பிடித்த தொகை, எந்தப் பத்தியின்படி பிடித்தார்கள் என்ற கேள்வி, நான்கையும் ஒரே மெயிலில் அவருக்கு அனுப்புங்கள். புதிதாகக் கேட்வே எடுப்பவர்கள், அந்த நிறுவனம் ரிசர்வ் வங்கி வெளியிடும் அனுமதி பெற்றவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.