டிக்கியில் எந்த சப்வூஃபர் பெட்டி: மூடியதா, துளையிட்டதா, இருக்கைக்கு அடியிலா?

எங்களுடையது டிசையர். டிக்கியின் கொள்ளளவு 378 லிட்டர். பொங்கலுக்குத் திருநெல்வேலி போகும்போது நான்கு பேரின் துணிப்பெட்டிகளும், திரும்பும்போது மாமியார் வீட்டு அரிசி மூட்டையும் தேங்காய்களும் அதற்குள் அடங்கியாக வேண்டும். அதனால் தாழ்ந்த சுரங்களுக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபர் பொருத்தலாம் என்று நான் பேச்செடுத்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி: "அரிசி மூட்டையை எங்கே வைப்பது?" நியாயமான கேள்வி. இந்த அலசல் முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நகரப்போகிறது.

முதலில், சப்வூஃபர் எதற்கு? 1980களின் திரைப்பாடல்களில் பேஸ் கிட்டார் பாடகருக்குப் பின்னால் தனக்கென ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே வரும். நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 முறை, அதிர்கிறது. கம்பெனி கதவில் வைத்துத் தரும் ஆறரை அங்குல ஸ்பீக்கர் அவ்வளவு ஆழத்துக்குத் தெம்பாக இறங்காது. மிருதங்கத்தின் தொப்பி, தவிலில் குச்சி விழும் பக்கத்தின் கனம் எல்லாம் கதவு ஸ்பீக்கரில் மெலிந்துபோய்த்தான் வந்து சேர்கின்றன. அந்தக் கனத்தைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் சப்வூஃபரின் வேலை. தெருவை அதிரவைப்பது அதன் வேலை என்று நினைப்பவர்களுக்கும் எனக்கும் இந்த விஷயத்தில் உடன்பாடு இல்லை.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் இரண்டு சனிக்கிழமைகள் கடை கடையாக ஏறி இறங்கினேன். என் முன் வந்து நின்றவை மூன்று வழிகள்.

இருக்கைக்கு அடியில் வைப்பது முதல் வழி. தட்டையான அலுமினிய உடலுக்குள் எட்டு அங்குல வூஃபரும் (சப்வூஃபரின் ஸ்பீக்கர்), அதற்குத் திறன் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தே இருக்கும். டிக்கியை அது தொடவே தொடாது. சிஎன்ஜி சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொண்டிருக்கும் கார்களுக்கு இதைவிட்டால் நல்ல வழி இல்லை. ஓட்டுநருக்கு அருகிலேயே இருப்பதால் தாளம் தெளிவாக, தாமதமின்றி வந்து சேர்வதுபோல் இருக்கும். ஆனால் அந்தச் சிறிய உடலுக்குள் காற்றும் குறைவு, வூஃபரின் கூம்பு முன்னும் பின்னும் நகரும் தூரமும் குறைவு. கேட்டுப் பார்த்தபோது 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே கை விரித்துவிட்டது. பேஸ் கிட்டாரின் மேல்சுரங்கள் அழகாக வந்தன, அடிச்சுரங்கள் வரவில்லை. வாங்குவதற்கு முன் பின்சீட்டுக்குக் காற்று கொண்டுபோகும் ஏசி குழாய் இருக்கைக்கு அடியில் எங்கே ஓடுகிறது என்று குனிந்து பார்த்துவிடுங்கள். அளவு பாராமல் வாங்கினால் இருக்கை நகராது.

மூடிய பெட்டி இரண்டாவது. காற்றுப் புகாத மரப்பெட்டிக்குள் ஒரு வூஃபர், அவ்வளவுதான். மூன்றாவது, துளையிட்ட பெட்டி. கடைகளில் போர்ட்டட் பாக்ஸ் என்பார்கள். உருளை வடிவில் வரும் பேஸ் டியூப்களில் பெரும்பாலானவையும் இந்த வகைதான். பெட்டிக்குள் அடைபட்ட காற்று அந்தத் துளை வழியாக வூஃபரோடு சேர்ந்து ஒலிக்கும்.

கடைப் பையன்கள் எல்லாரும் ஒரே குரலில் துளைப் பெட்டியைத்தான் சொன்னார்கள். "சார், இது 1200 வாட். தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் தெரிந்துவிடும்." அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. துளை எந்த அதிர்வெண்ணுக்கு அமைக்கப்பட்டதோ அதைச் சுற்றி, அதே ஆம்ப்ளிஃபயரில் துளைப் பெட்டி சுமார் 3 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். மூடிய பெட்டியில் அந்த 3 டெசிபல் வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபயரின் திறனை இரட்டிப்பாக்க வேண்டும். வீட்டுக் கூடத்தில் வைப்பதற்கு என்றால் நானே துளைப் பெட்டியைத்தான் வாங்குவேன்.

கார் என்பது கூடம் அல்ல. 40 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் எட்டரை மீட்டருக்கு மேல். மூன்று மீட்டர்கூட நீளமில்லாத கண்ணாடி அடைத்த அறைக்குள் அந்த அலை அலையாகவே நடமாட முடியாது. உள்ளிருக்கும் காற்று மொத்தமும் ஒன்றாக அமுங்கி விரிகிறது. சுமார் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக, காரின் உட்புறமே ஒலியைத் தூக்கிக் கொடுக்கத் தொடங்கும். மூடிய பெட்டியின் ஒலி, ஓர் எல்லைக்குக் கீழே அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் 12 டெசிபல் வீதம் சரியும். முழுக்க அடைத்த ஒரு சிறிய அறை ஏறத்தாழ அதே வீதத்தில் ஒலியை உயர்த்தும். கதவு இடுக்கு, மெல்லிய தகடு வழியாகக் கொஞ்சம் கசிந்தாலும், ஒன்று சரிய மற்றொன்று தூக்க, காதுக்கு வந்து சேர்வது சமமான ஆழ்ந்த ஒலி. துளைப் பெட்டியோ துளையின் அதிர்வெண்ணுக்குக் கீழே 24 டெசிபல் வீதம் செங்குத்தாக விழுகிறது. காரால் அதைத் தாங்கிப் பிடிக்க முடிவதில்லை. அதற்கு மேலே இருக்கும் மேடும் காரின் தூக்கலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. ஆயத்தமாக விற்கும் பல பெட்டிகளில் எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுருதியில் "தும், தும்" என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். தவிலும் டிரம்ஸும் ஒரே வாத்தியமாகிவிடும். இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

துளைப் பெட்டிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. துளையின் அதிர்வெண்ணுக்குக் கீழே வூஃபருக்குப் பின்னால் காற்றின் பிடிமானம் இருக்காது. கூம்பு கட்டுப்பாடின்றி ஆடினால், வூஃபருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயில் (coil) சேதமாகலாம். மிகத் தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் சப்சோனிக் ஃபில்டர் ஆம்ப்ளிஃபயரில் இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மூடிய பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்றே சுருள்வில்லாக நின்று கூம்பைப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது அரிசி மூட்டைக்கு வருவோம். பத்து அங்குல வூஃபருக்கு மூடிய பெட்டியில் உள்ளளவு 20 லிட்டர் பெரும்பாலும் போதும். பலகையின் தடிமனையும் சேர்த்து டிக்கியில் 30 லிட்டர் இடம் போகும். பன்னிரண்டு அங்குலத் துளைப் பெட்டிக்கு உள்ளே 50 லிட்டருக்கு மேல் வேண்டும். துளைக்கும் பலகைக்கும் இடம் சேர்த்தால் 80 லிட்டரைத் தாண்டும். டிக்கியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். குத்துப்பாட்டும் மின்னணு இசையும் மட்டுமே கேட்பவர், டிக்கியில் சாமான் ஏற்றாதவர் என்றால் துளைப் பெட்டி அவருக்குச் சந்தோஷம் தரும். நான் பத்து அங்குல மூடிய பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். இருக்கைக்கு அடியில் வைக்கும் வகைக்கு என் மனத்தில் இரண்டாம் இடம். துளைப் பெட்டிக்கு மூன்றாம் இடம்.

பெட்டியை ஆசாரியிடம் சொல்லிச் செய்வதானால் மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை வேண்டாம். ஒலிக்கு அது நல்லதுதான். ஆனால் சென்னை மழையில் டிக்கி ரப்பர் ஒரு முறை கசிந்தால் பலகை உப்பி இளகிவிடும். ஐஎஸ் 710 முத்திரையுள்ள 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் கேளுங்கள்.

மோனோவா, நான்கு சேனலா?

ஆம்ப்ளிஃபயரில் போட்டி இரண்டுக்கு இடையில். சப்வூஃபருக்கு மட்டுமான, ஒரே சேனல் (ஒலியை வெளியே அனுப்பும் வழி) உள்ள மோனோ ஒன்று. நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயரில் இரண்டு சேனல்களை முன்கதவுகளுக்குக் கொடுத்து, மற்ற இரண்டை இணைத்துச் சப்வூஃபருக்குக் கொடுப்பது மற்றொன்று. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட உச்ச வாட்டை மறந்துவிடுங்கள். தொடர்ந்து தரக்கூடிய திறனைச் சொல்லும் ஆர்எம்எஸ் வாட்டைப் பாருங்கள். 250 ஆர்எம்எஸ் வாட் மோனோவுக்கும், இணைத்த சேனல்களில் 150 வாட் தரும் நான்கு சேனலுக்கும் உள்ள ஒலி வேறுபாடு வெறும் 2 டெசிபல் சொச்சம். காதுக்குத் தெரியும், ஆனால் பெரிதாகத் தெரியாது. கதவு ஸ்பீக்கர்களுக்குத் தலா 50 வாட் சுத்தமாகக் கிடைப்பதோ முதல் பாட்டிலேயே தெரிந்துவிடும். அதனால் நான்கு சேனலுக்கே என் ஓட்டு. ஒரு எச்சரிக்கை: சேனல்களை இணைக்கும்போது பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்கள் 4 ஓம் மின்தடைக்குக் கீழே தாங்காது. இரட்டைக் காயில் வூஃபரில் ஒவ்வொரு காயிலும் 4 ஓம் என்றால், பக்க இணைப்பில் 2 ஓமாகி ஆம்ப்ளிஃபயர் சூடேறி நின்றுவிடும். தலா 2 ஓம் காயில் உள்ளதை வாங்கித் தொடராக இணைத்தால் சரியாக 4 ஓம்.

ஆம்ப்ளிஃபயரில், மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் கிளாஸ் டி வகை வாங்குங்கள். மொத்தம் 250 வாட் வெளியே வர, 80 சதவீதத் திறனுள்ள கிளாஸ் டி பேட்டரியிலிருந்து சுமார் 23 ஆம்பியர் இழுக்கும். பழைய ஏபி வகை 33 ஆம்பியர் வரை இழுத்து, மிச்சத்தை டிக்கிக்குள் சூடாக இறக்கும். வெயிலில் நிற்கும் காரில் அந்தச் சூடு வேறு எதற்கு?

வயரில் கஞ்சத்தனம் வேண்டாம்

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். முந்தைய காரில், வேறு ஊரில், ஒரு கடையில் ஆம்ப்ளிஃபயர் பொருத்தினேன். ஒரு வருடம் கழித்து சர்வீசில் மெக்கானிக் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, இங்கே பாருங்கள்" என்று டார்ச் அடித்தார். இஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகட்டில் ஓட்டை போட்டு, ரப்பர் வளையம் இல்லாமல் வயரை நுழைத்திருந்தார்கள். தகட்டின் விளிம்பு ஒரு வருடமாக உரசி உரசி வயரின் தோலை அறுத்திருந்தது. செம்பு பளபளத்தது. தகட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. பேட்டரிக்கு அருகில் ஃபியூஸும் இல்லை. அது தொட்டிருந்தால் பேட்டரியின் முழு மின்னோட்டமும் அந்த ஒரு புள்ளியில் பாய்ந்திருக்கும். பின்சீட்டில் என் பெண் தூங்கிக்கொண்டு வரும் கார் அது.

ஆகவே, பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். என் அளவுக்கு 30 ஆம்பியர் ஃபியூஸ் போதும். வயரின் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அசல் செம்பில் 8 கேஜ் வயர், ஐந்து மீட்டர் நீளத்துக்கு 23 ஆம்பியரில் கால் வோல்ட் மட்டுமே இழக்கும். பூசிய வயரில் இழப்பு அதைவிட ஒன்றரை மடங்கு. எர்த் வயர் அரை மீட்டருக்குள் இருக்கட்டும். அது இறுகும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து வெறும் இரும்பைக் காட்டிய பிறகே போல்ட் முறுக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுக்க விடாதீர்கள். மின் வயர் ஒரு பக்கம் போனால் ஒலி வயர் மறுபக்கம் போகட்டும். இல்லாவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ஒரு சீழ்க்கை எழும். கம்பெனி வயரை வெட்ட வேண்டியதே இல்லை. காரோடு வரும் கம்பெனித் திரையின் (ஸ்டீரியோவின்) ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் வசதியுள்ள ஆம்ப்ளிஃபயரையும், அதற்குப் பொருந்தும் கப்ளரையும் (வெட்டாமல் செருகி இணைக்கும் இணைப்பான்) வாங்கினால் வேலை முடிந்தது.

ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் கெய்ன் திருகை, ஒலி அளவுத் திருகு என்று நினைத்து முழுக்கத் திருகிவிடுகிறார்கள். பொருத்தி முடித்த ஞாயிற்றுக்கிழமை நான் டிக்கியில் மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். சப்வூஃபர் வயரைக் கழற்றிவிட்டு, மைத்துனனை முன்சீட்டில் உட்காரவைத்து 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைப் போடச் சொன்னேன். "அத்தான், சத்தத்தை முக்கால்வாசி வைத்துவிட்டேன்" என்றான். 4 ஓமில் 150 வாட் என்றால் 24.5 வோல்ட். மீட்டரில் ஏசி அளவை வைத்து, அந்த எண் வரும்வரை மெதுவாகத் திருகி நிறுத்தினேன். தாழ்ந்த ஒலிகளை மட்டும் சப்வூஃபருக்கு விடும் லோ பாஸ் ஃபில்டர் 80 ஹெர்ட்ஸில். பிறகு வயரை மாட்டி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கூம்பின் அசைவைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை இரு நிலைகளிலும் போட்டுக் கேட்டேன். எதில் பேஸ் நிறைந்து கேட்டதோ அதில் விட்டேன். பெட்டியின் முகத்தைப் பின்விளக்குகளைப் பார்த்துத் திருப்பியதும் ஒலி இன்னும் கனத்தது.

முதல் பாட்டில் நம்பர் பிளேட் படபடத்தது. அதன் பின்னால் ஃபோம் பட்டை ஒன்றை ஒட்டினோம். இந்தப் பொங்கலுக்கு அரிசி மூட்டை பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே சென்னை வந்து சேர்ந்தது. விழுப்புரம் தாண்டியதும் மைத்துனன் ஒரு பழைய பாட்டைப் போட்டான். பல்லவி முடிந்து பேஸ் கிட்டார் படிப்படியாகக் கீழே இறங்கியபோது, கடைசிச் சுரம்வரை கேட்டது.