ஆண் ‘பால் பைத்தான்’ பாம்பு வாங்கும் முன் தாயைக் காட்டச் சொல்லுங்கள்

இதை எழுத ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போட்டுவிட்டேன். போன வாரம் ஹூஸ்டனில் இருக்கும் நண்பர் ஒருவர், பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பில் ஆண் ஒன்றுக்கு முன்பணம் கட்டப்போவதாகச் சொல்லி, விற்பவர் மேசையில் வைத்திருந்த விவர அட்டையின் படத்தை அனுப்பினார். அதே கையெழுத்து. 2022-இல் எனக்கு விற்றவருடையது. இனியும் வாயை மூடிக்கொண்டிருப்பது சரியில்லை.

விற்றவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எப்படி விற்றார் என்று எழுதினாலே போதும், அந்த மாதிரி அட்டையைப் பார்த்தவுடன் உங்களுக்குப் புரிந்துவிடும்.

நான் டெக்சாஸில் வீட்டிலேயே பால் பைத்தான் வளர்க்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு அது. பயந்தால் தலையை நடுவில் வைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும், பெயர் வந்தது அதனால்தான். என்னிடம் கிளவுன் என்ற வகையில் இரண்டு பெண் பாம்புகள் இருக்கின்றன. முதுகில் நீளக் கோடு, கண்ணுக்குக் கீழே கண்ணீர்த்துளி போல ஒரு கறுப்பு. 2018-இல் ஆளுக்கு 70 கிராம் குட்டிகளாக வந்தவை. பெண்ணை முட்டைக்கு விட 1500 கிராமாவது ஆக வேண்டும். நான் அவசரப்படவில்லை, நான்கு வருடம் வளர்த்தேன். பெரியது 1950 கிராம் வந்தது.

ஆணுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை, 600, 700 கிராம் ஆனாலே இணை சேரும். அதனால் பெண்ணைக் குட்டியிலிருந்து நாமே வளர்த்துவிட்டு, ஆணை மட்டும் கடைசி நேரத்தில் வெளியில் வாங்குகிறோம். பெண்கள் தயாராகிவிட்டன, சீசன் வந்துவிட்டது, சீக்கிரம் ஓர் ஆண் வேண்டும் என்ற நிலையில்தான் மேசைக்கு முன்னால் போய் நிற்கிறோம். ஏமாற்றுகிறவருக்கு அது நன்றாகத் தெரியும்.

எனக்கு வேண்டியிருந்தது பனானா கிளவுன் பெண் குட்டிகள். அதற்கு என்ன ஆண் வேண்டும் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்று முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

கிளவுன் ஒடுங்கு பண்பு. தாய், தகப்பன் இரண்டு பக்கமும் மரபணு வந்தால்தான் குட்டி கிளவுனாகத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் அதை ஹெட் என்கிறோம். பார்வைக்கு அதில் கிளவுன் தெரியாது, மரபணு உள்ளே ஒளிந்திருக்கும். ஹெட் ஆணை என் கிளவுன் பெண்ணோடு சேர்த்தால் சராசரியாகப் பாதிக் குட்டிகள் கிளவுன். பனானா வேறு மாதிரி. ஒரு பக்கம் வந்தாலே தெரிந்துவிடும்: மஞ்சளும் இளம் ஊதாவும், வயது ஏற ஏற மேலே கறுப்புப் புள்ளிகள். ஆனால் அந்த மரபணு பாலினக் குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டு போகிறது. போவாவிலும் பர்மா மலைப்பாம்பிலும் நம்மைப் போலவே எக்ஸ்-ஒய் முறைதான் என்று 2017-இல் ஆய்வு வந்தது. பனானா வளர்த்தவர்கள் அதற்கு முன்பே தங்கள் பெட்டிகளில் அதன் விளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பனானா ஆண் அந்த நிறத்தைத் தாயிடமிருந்து பெற்றிருந்தால் மரபணு எக்ஸில் இருக்கும். அதற்குப் பிறக்கும் பனானாக்களில் பத்துக்கு ஒன்பது பெண். தகப்பனிடமிருந்து பெற்றிருந்தால் ஒய்யில் இருக்கும், பிறக்கும் பனானாக்கள் கிட்டத்தட்ட எல்லாம் ஆண். முதல் வகைக்கு ஃபீமேல் மேக்கர் என்று பெயர், அட்டையில் எஃப்எம் என்று போடுவார்கள். இரண்டாவது மேல் மேக்கர். எஃப்எம்முக்கு விலை அதிகம். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. நிறம், புள்ளி, எடை எதுவும் காட்டிக்கொடுக்காது. தாய் யார், தகப்பன் யார் என்பது மட்டும்தான் சாட்சி.

2022 ஜூன் மாதம் ஒரு கண்காட்சியில் அந்த ஆணைப் பார்த்தேன். 620 கிராம், பத்து மாதம், கழுத்துக்குக் கீழே 7 என்று எழுதியது போல ஒரு மஞ்சள் வெட்டு. அட்டையில் 'பனானா ஹெட் கிளவுன் எஃப்எம்', ஒரு கிளட்ச் எண் (ஒரு தாய் ஒரே முறையில் இட்ட முட்டைகளுக்கு வைக்கும் எண்), விலை 450 டாலர். நான் நோட்டம் விடாமல் வாங்கவில்லை. வால் தொடங்கும் இடத்தில் இருக்கும் சிறு முள்ளை வைத்து ஆண் பெண் சொல்ல முடியாது, இரண்டுக்கும் முள் உண்டு, அதனால் வால் அடியில் புரோப் என்ற மெல்லிய கம்பி விட்டுக் காட்டச் சொன்னேன். ஒன்பது செதில் ஆழம் போனது, ஆண்தான். வாயைத் திறந்து எச்சில் நூல் இருக்கிறதா பார்த்தேன். கண்ணோரம், தாடைக்குக் கீழே உண்ணி இருக்கிறதா பார்த்தேன். எல்லாம் சுத்தம். ஹெட்டாக இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று கேட்டேன், அட்டையில் எண் இல்லையே. "நூறு. தாய் பனானா கிளவுன்" என்றார். போனில் ஓர் அழகான பனானா கிளவுன் படத்தைக் காட்டினார்.

அந்த ஒரு பதிலில் இரண்டும் அடங்கிவிடுகிறது. தாய் கிளவுன் என்றால் குட்டி கட்டாயம் ஹெட். தாய் பனானா, தகப்பன் பனானா இல்லை என்றால் குட்டி எஃப்எம். எனக்கு அந்தக் கணக்கு சரியாகப் பொருந்தியது. படத்தில் இருப்பது இந்தக் குட்டியின் தாய்தானா என்று மட்டும் நான் கேட்கவில்லை. தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம் என்று ஊரில் சொல்வார்கள். நான் துறைக்கே போகாமல், யாரோ எடுத்த படத்தைப் பார்த்துத் திருப்தியாகிவிட்டேன்.

பணத்தை பேபாலில் நண்பர்-குடும்பம் வகையில் அனுப்பச் சொன்னார், கட்டணம் மிச்சம் என்று. அனுப்பினேன். அந்த வகையில் அனுப்பினால் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

அப்புறம் 90 நாள் தனி அறையில் வைத்தேன். மலைப்பாம்புக்கு மூச்சு நோய் தரும் நிடோவைரஸ் சோதனைக்கு வாயிலிருந்து ஸ்வாப் எடுத்து அனுப்பி, இல்லை என்று வந்த பிறகுதான் நவம்பரில் பெண்களோடு விட்டேன். மார்ச் வரை மாறி மாறிச் சேர்த்தேன். ஆண் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, இரண்டோடும் நன்றாகப் பூட்டிக்கொண்டது. ஏப்ரல் கடைசியில் பெரியது 7 முட்டை, மே மாதம் சின்னது 6 முட்டை இட்டன. இரண்டு கரு இல்லாத முட்டை. மிச்சம் 11 முட்டைகளை 31.5 டிகிரியில் வைத்தேன்.

ஜூன் கடைசியில் முதல் முட்டையில் கீறல் விழுந்தது. முட்டை ஓடு தோல் மாதிரி மெத்தென்று இருக்கும், உள்ளேயிருந்து குட்டியின் முட்டைப்பல் அதைச் சவரக்கத்தி போல வெட்டும். அந்தக் கீறல் வழியாக ஒரு மூக்கு நுனி வெளியே வந்து, மூச்சு விட்டு, ஒரு குமிழி உடைந்தது. மஞ்சள் மூக்கு. பனானா. என் மகள் நோட்டில் எழுதிக்கொண்டாள். தலை முழுக்க வெளியே வந்தபோது கண்ணுக்குக் கீழே கண்ணீர்த்துளி இல்லை. சரி, அடுத்தது என்று காத்திருந்தோம். அடுத்ததிலும் இல்லை. ஜூலையில் இரண்டாவது கிளட்ச் பொரிந்து முடிந்தபோது 11 குட்டிகளில் ஒரு கிளவுன்கூட இல்லை.

ஆண் உண்மையிலேயே ஹெட்டாக இருந்து இப்படி ஆவதற்கான வாய்ப்பு 2048-இல் ஒன்று. குட்டிகளின் பாலினத்தையும் பார்த்தேன். வால் அடியில் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினால் ஆண் குட்டிக்கு இரண்டு சிவந்த முனைகள் வெளியே வரும். ஐந்து பனானா. ஐந்திலும் வந்தது. "அப்பா, இதுவும் ஆணா?" என்று மகள் ஐந்தாவது முறை கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பனானா இல்லாத ஆறில் ஐந்து பெண். மேல் மேக்கர் ஒன்று என்ன செய்யுமோ அதையேதான் செய்திருந்தது.

விற்றவருக்கு எழுதினேன். "அதிர்ஷ்டம் இல்லை, அடுத்த வருடம் பாருங்கள்" என்று பதில். அடுத்த வருடம் என்பது அவருக்கு ஒரு சொல். ஆண் உரித்த சட்டையை மரபணுச் சோதனைக்கு அனுப்பினேன். கிளவுன் இல்லை என்று முடிவு வந்தது. அதை அவருக்கு அனுப்பியதும், உங்கள் வீட்டில் சட்டை மாறியிருக்கும் என்றார். அதன் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

அட்டையில் இருந்த கிளட்ச் எண்ணை வைத்துத் தேடினேன். 2021 செப்டம்பரில் அவரே போட்ட பழைய விற்பனை விளம்பரம் கிடைத்தது. அதே எண், அதே குட்டி, கழுத்தில் அதே 7. கீழே அவர் எழுதியிருந்தது: தகப்பன் பனானா, தாய் ஹெட் கிளவுன். அதாவது ஹெட்டாக இருக்க 50 சதவீத வாய்ப்பு மட்டுமே, அதோடு மேல் மேக்கர். விளம்பரத்தில் உண்மையாக எழுதியதை, விற்காமல் போனதும் மேசையில் மாற்றி எழுதியிருக்கிறார். அட்டையில் சதவீதம் போடாததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. வாயால் சொன்னதை யாரும் நிரூபிக்க முடியாது.

450 டாலரை நினைத்து இதை எழுதவில்லை. முட்டையிட்ட பிறகு என் பெரிய பெண்ணைத் தராசில் வைத்தேன், 1340 கிராம். விலா இருபுறமும் உள்வாங்கி, முதுகெலும்பு கூரை முகடு போல எழுந்து நின்றது. ஏழு வாரம் எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் இரவு பெட்டியைத் திறந்து பார்ப்பேன், எலி அப்படியே கிடக்கும். ஒரு பெண் மலைப்பாம்பு தன் உடம்பை உருக்கித்தான் முட்டையாக்குகிறது. பொய்யான ஆணைக் கொடுத்தவர் எடுத்துக்கொண்டது அந்த உடம்பை. அடுத்த சீசன் இரண்டையும் சேர்க்கவே இல்லை. 1900 தொட ஒன்றரை வருடம் ஆனது.

நீங்கள் ஆண் வாங்கப் போகிறீர்கள் என்றால், அட்டையில் 100, 66, 50 என்று எண் இல்லாத ஹெட்டுக்கு ஹெட் விலை கொடுக்காதீர்கள். ஹெட்டும் ஹெட்டும் சேர்ந்து பிறந்த, கிளவுனாகத் தெரியாத குட்டிகளில் மூன்றில் இரண்டு ஹெட், அதுதான் 66. தாய், தகப்பன் படத்தைத் தனித்தனியாகக் கேட்காமல், தாய் முட்டைகளைச் சுற்றிக்கொண்டிருக்கும் படத்தைக் கிளட்ச் எண்ணோடு கேளுங்கள். ஒழுங்காக வளர்ப்பவர்கள் அதை எடுத்து வைத்திருப்பார்கள், கேட்டால் சந்தோஷமாகக் காட்டுவார்கள். பனானா ஆணுக்கு அப்படியொரு படம் இல்லை என்றால் எஃப்எம் என்ற இரண்டு எழுத்தை இல்லாததாகவே வைத்துக்கொள்ளுங்கள். சொன்னதை எல்லாம் எழுத்தில், தேதியோடு வாங்குங்கள். தனிமையில் வைக்கும் 90 நாளில் எப்படியும் ஒரு முறை சட்டை உரிக்கும், அதைச் சோதனைக்கு அனுப்பிவிடுங்கள். நான் அதை முட்டை பொரிந்த பிறகு செய்தேன்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று. நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்திருப்பது குற்றம். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களுக்கும் 2022-இல் திருத்திய வனவிலங்குச் சட்டப்படி பதிவு வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் குட்டிகளின் நிலையைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். தாள் இல்லாத பாம்பை எந்த விலைக்கும் தொடாதீர்கள்.

அந்த ஆண் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறது, அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. குட்டிகள் எல்லாவற்றுக்கும் தாய் கிளவுன் என்பதால் எல்லாமே 100 சதவீத ஹெட். ஐந்து பனானா ஆண்களையும் விற்றபோது அட்டையில் மகள் கையால் எழுதியது இது: பனானா, தகப்பன் வழி, மேல் மேக்கர், 100 ஹெட் கிளவுன். அட்டையின் பின்னால், முட்டைகளைச் சுற்றிக்கொண்டிருக்கும் தாயின் படம்.