தாத்தா வீட்டு உத்தரத்தில் செய்த சாப்பாட்டு மேசை: ஏழு வருடம் புழங்கிய அனுபவம்

2017 ஆவணியில் ஒரத்தநாடு பக்கம் இருந்த எங்கள் தாத்தாவின் ஓட்டு வீட்டைப் பிரித்தோம். பிரிக்க வந்த மேஸ்திரி மரத்தை மொத்தமாக விலைபேசி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சித்தப்பாவுக்கு அதில் சம்மதம்தான். எனக்கு மனசு வரவில்லை. நடுக்கூடத்து உத்தரம் இரண்டு, முன்கதவு ஒரு ஜோடி, பரண் பலகைகள், கொஞ்சம் பனங்கை (பனைமரச் சட்டம்) என ஒரு மினி லாரி நிறைய ஏற்றித் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து பின்வாசல் தகரக் கொட்டகையில் அடுக்கினேன். அதற்கு முன்னால் நான் உளியைக் கையில் எடுத்ததில்லை.

அந்த மரத்தில் நானே செய்த சாப்பாட்டு மேசை, பெஞ்சு, புத்தக அலமாரி மூன்றும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. சரக்கு அடுக்கி அனுப்பும் பேலட் மரத்தில் செய்த செருப்பு ஸ்டாண்டு ஒன்றும் இருந்தது, இப்போது இல்லை. எந்த மரச்சாமானும் செய்து முடித்த வாரத்தில் அழகாகத்தான் இருக்கும். அது எப்படிப்பட்டது என்பது நாலைந்து கோடையும் மழையும் பார்த்த பிறகுதான் தெரியும். அதனால்தான் இவ்வளவு காலம் பொறுத்து எழுதுகிறேன்.

முதலில் மரத்தைப் பற்றி. உத்தரம் தேக்கு. மேலே கரியும் ஒட்டடையும் படிந்து கறுப்பாகக் கிடந்ததைப் பார்த்தால் விறகு என்றுதான் நினைக்கத் தோன்றும். ஓர் ஓரத்தை இழைப்புளியால் நாலு தள்ளு தள்ளியதும் உள்ளே தேன் நிறம் வந்தது, கூடவே தேக்குக்கே உரிய தோல் மாதிரியான வாசனையும் வந்தது. எத்தனையோ வருடம் கூரைக்கடியில் கிடந்த மரத்தில் இன்னும் அந்த எண்ணெய் இருக்கிறது! முன்கதவு வேங்கை. பரண் பலகை பலா. பலா இழைக்கும்போது மஞ்சளாக இருந்தது, இரண்டு வருடத்தில் நல்ல பழுப்புக்கு மாறிவிட்டது. எனக்கு அந்த நிறம்தான் மூன்றிலும் பிடித்தது.

வேலையில் பாதிக்கு மேல் ஆணி பிடுங்குவதும் சுத்தம் செய்வதும்தான். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பழைய ஒலிபெருக்கியில் இருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேல் அங்குலம் அங்குலமாக ஓட்டினேன். காந்தம் இழுக்கும் இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம். அப்படியும் ஒன்று தப்பியது. ஊஞ்சல் வளையம் மாட்டியிருந்த இடத்தில் முறிந்து உள்ளேயே தங்கிவிட்ட இரும்பு அது. மில்லில் அறுக்கும்போது ரம்பத்தின் பற்களைத் தட்டிவிட்டது. மில்காரர் கோபப்பட்டார், நியாயம்தான். ரம்பத்துக்குச் சாணை பிடித்த செலவை நான் கொடுத்தேன். இப்போதெல்லாம் மில்லுக்குக் கொண்டுபோகும் முன் மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிடுகிறேன். அறுக்கும்போதும் இழைக்கும்போதும் முகக்கவசம் கட்டாயம். தேக்குத் தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும்.

கதவில் இருந்த பச்சைப் பெயிண்டைச் சுரண்டியது தனிக் கதை. பழைய பெயிண்டில் உடம்புக்கு ஆகாத ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய பெயிண்டை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். சூடு காட்டியும் உரிக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்தே சுரண்டி, விழுந்ததை எல்லாம் ஒரு தார்ப்பாயில் பிடித்துக் கட்டிவிட வேண்டும். அப்போது என் மகளுக்கு மூன்று வயது. கதவு வேலை முடியும்வரை அவளைக் கொட்டகைப் பக்கமே விடவில்லை.

சரி, மேசைக்கு வருகிறேன். ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றே கால் அங்குலக் கனம். நான்கு பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டி மேல்பலகை. இரண்டு முனைகளிலும் குறுக்காக ஒரு பட்டை வைத்து, முழு நீளத்துக்கும் பசை போட்டு, திருகும் போட்டு இறுக்கினேன். 2017 கார்த்திகையில், நல்ல அடைமழைக் காலத்தில் முடித்தேன். கல் மாதிரி இருந்தது.

அடுத்த சித்திரையில் ஒரு ராத்திரி, சாப்பாட்டு அறையில் தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் மேல்பலகையின் ஒரு முனையில் இருந்து ஒன்றரை அடி நீளத்துக்கு விரிசல். என் விரல் நகம் உள்ளே போகும் அளவுக்கு இருந்தது.

எங்கள் தெருவில் ஒரு வயதான ஆசாரி இருக்கிறார். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். விரிசலைப் பார்க்கவே இல்லை, நேரே குனிந்து முனைப்பட்டையில் இருந்த திருகுகளைத்தான் பார்த்தார். "ஐப்பசியில இதுக்கு உடம்பு பெருக்கும் தம்பி, சித்திரையில வத்தும். வத்துறப்ப நகர எடம் குடுக்காம கட்டிப்போட்டா அது என்ன பண்ணும்?" என்றார். அறுபது எழுபது வருடம் காய்ந்த மரம் இனி அசையாது என்று நான் நினைத்திருந்தேன். அது தப்பு. எவ்வளவு பழைய மரமானாலும் காற்றில் ஈரம் ஏறினால் அகலவாக்கில் விரியும், ஈரம் போனால் சுருங்கும். நீளவாக்கில் அசைவு ஒன்றும் பெரிதாக இருக்காது. என் பட்டையின் நீளம் மேசையின் அகலவாக்கில் ஓடியது. மேசை சுருங்கப் பார்த்தது, பட்டை விடவில்லை.

அவர் சொன்னபடி பட்டையை அறுத்து எடுத்துவிட்டு மறுபடி செய்தேன். நடுவில் ஒரே இடத்தில் மட்டும் பசை. இரண்டு ஓரங்களிலும் திருகுக்கு வட்டத் துளைக்குப் பதில் நீளவாக்கில் ஓட்டை. மேல்பலகையைக் கால்சட்டத்தோடு சேர்க்கும் இடத்திலும் அதே மாதிரி. விரிசலின் குறுக்கே வேங்கையில் உடுக்கை வடிவத்தில் இரண்டு கட்டைகள் செதுக்கிப் பதித்தார். உடுக்கையின் இடுப்பு விரிசலின் மேல் வரும், இரண்டு பக்கத் தலையும் மரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பின் விரிசல் ஒரு மயிரிழைகூட நீளவில்லை. இப்போதும் சித்திரையில் மேசையின் மூலையைத் தடவினால் முனைப்பட்டை கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஐப்பசி கடைசியில் தடவினால் மேல்பலகை பட்டையைத் தாண்டி வந்திருக்கும். இரண்டுக்கும் நாலைந்து மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கிறது, ஸ்கேல் வைத்தே பார்த்திருக்கிறேன்.

ஒட்டும் விஷயத்தில் இன்னொன்று. தேக்கில் எண்ணெய்ப்பசை இருப்பதால் பசை சரியாகப் பிடிக்காது. இழைத்த கையோடு, ஒட்டும் முகத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே பசை போட வேண்டும். நான் துடைக்காமல் ஒட்டிய ஒரு மூட்டு மூன்றாம் வருடம் விட்டுக்கொண்டது. துடைத்து ஒட்டியவை எல்லாம் அப்படியே இருக்கின்றன. தேக்கில் சிலிக்காவும் உண்டு, இழைப்புளித் தகடு சீக்கிரம் மழுங்கும். சாணைக்கல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அப்புறம் பாலிஷ். முதலில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து அடிக்கும் பாலிஷ்தான் போட்டேன். பளபளப்புக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அது ஆகாது. சூடான குழம்புச் சட்டி உட்கார்ந்த இடத்தில் எல்லாம் வெள்ளை வளையம். 2020-இல் சானிடைசர் பாட்டிலை மேசையில் வைத்துப் புழங்கினோம். அது சொட்டிய இடம் பிசுபிசுவென்று இளகிப்போய்விட்டது. அரக்கு ஆல்கஹாலில் கரையும், சானிடைசரில் இருப்பதும் அதுதானே. அந்த ஊரடங்கில் மொத்தத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெய்க்கு மாறினேன். மெல்லிசாகப் பூசி, அரை மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் அடுத்த பூச்சு. மூன்று பூச்சுக்கு மேல் கடைசியாகத் தேன்மெழுகு. வருடம் ஒருமுறை பங்குனியில் ஒரு பூச்சு, அவ்வளவுதான். கறை விழுந்தால் அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து எண்ணெய் தொட்டுவைத்தால் போதும். இந்த வசதிக்காகவே பளபளப்பை விட்டுக்கொடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். ஒரு தடவை மூலையில் விட்டிருந்த துணிப்பந்தை எடுத்தபோது இஸ்திரி போட்ட சட்டை மாதிரி கதகதப்பாக இருந்தது. அன்றிலிருந்து துணிகளை வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவைத்த பிறகுதான் குப்பைக்கு.

பெஞ்சு ஐந்து வருடம் பிரச்சினை இல்லாமல் இருந்தது. பின்வாசலில் சுவரை ஒட்டிப் போட்டிருந்தோம். 2022 மழைக்குப் பிறகு ஒரு காலில் மண் வரி தெரிந்தது, கரையான். தேக்கைக் கரையான் தொடாது என்று எல்லோரும் சொல்வார்கள். வரியைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். காலின் ஓர் ஓரத்தில் வெளிறு, அதாவது மரத்தின் வெளிப்பக்கத்து மென்மையான பாகம், இருந்திருக்கிறது; அறுக்கும்போது அரை அங்குலம் வீணாக வேண்டாமே என்று நான் விட்டுவைத்த வெளிறு. அதை மட்டும் மேலிருந்து கீழ்வரை சுத்தமாகத் தின்றிருந்தது. உள்ளே கெட்டியான வைரம் தொடங்கும் இடத்தில் கோடு போட்டு நிறுத்தின மாதிரி நின்றிருந்தது. உள்ளங்கையால் தடவினால் அந்தப் பக்கம் வழவழவென்று ஒரு பல் தடம்கூட இல்லை. வைரம் பாய்ந்த மரம் என்று நாம் சொல்வதை அன்றுதான் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த ஓரத்தைச் செதுக்கி எறிந்துவிட்டேன். பெஞ்சைச் சுவரில் இருந்து அரையடி தள்ளி, ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கருங்கல் சில்லு வைத்தேன். மூன்று வருடமாகக் கரையான் எட்டிப் பார்க்கவில்லை.

செருப்பு ஸ்டாண்டு செய்த பேலட் கட்டைகள் வெளிநாட்டு இயந்திரத்தோடு வந்த பைன். பேலட் எடுப்பவர்கள் அதன் மேல் இருக்கும் கோதுமைக் கதிர் முத்திரையைப் பாருங்கள். எச்டி (HT) என்றிருந்தால் மரத்தின் நடுவரை 56 டிகிரிக்கு அரை மணி நேரம் சூடேற்றியது என்று அர்த்தம். எம்பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம். என்னுடையது எச்டிதான். ஆனால் அந்தச் சூடு அன்றைக்கு உள்ளே இருந்த பூச்சியைக் கொல்லும், நாளைக்கு வரும் கரையானைத் தடுக்காது. இரண்டாவது ஐப்பசியில் பூசணம் பிடித்தது, மூன்றாம் வருடம் கரையான் பாதியைத் தின்றுவிட்டது. காய்ந்த இடத்தில், சுவரில் மாட்டும் தட்டுக்குப் பைன் பரவாயில்லை. நம் ஊரில் தரையைத் தொடும் எதற்கும் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பனங்கையில் கறுப்பு வரி ஓடும் அழகுக்காக ஒரு ஸ்டூல் முயன்றேன். இழைக்க இழைக்கச் சிலாம்பு கிளம்பியது. உட்காரும் சாமானுக்கு அது சரிப்படாது. மிச்சப் பனங்கை மாடித் தோட்டத்துப் பந்தலுக்குக் கால் ஆகிவிட்டது.

சொந்த வீட்டு மரம் இல்லாதவர்கள் பழைய மரக்கடையில் வாங்கலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்த கதவும் தூணும் பர்மா தேக்கும் பார்க்கலாம், ஒருமுறை போய் மரத்தைக் கண்ணால் பழகிக்கொள்வதற்காவது போகலாம். கன அடிக் கணக்கில்தான் விலை. ஆறடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனம் என்றால் அரைக் கன அடி. சொத்தை, துளை, வெளிறு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அளப்பார்கள், அதனால் தேவைக்கு மேல் கால் பங்காவது கூடுதலாகக் கணக்குப் போடுங்கள். தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் எடுக்கலாம், பொத்தென்று கேட்டால் உள்ளே போயிருக்கும்.

புதுப் பலகையைச் சங்கிலியால் அடித்து, சாயம் பூசிப் பழசு மாதிரி ஆக்கி விற்பதையும் பார்க்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் மேசையில் பட்டை ஆணி இருந்த ஓட்டைகளைச் சுற்றி இரும்புத் துரு இறங்கிக் கறுப்பாக இருக்கும். எதையும் நான் அடைக்கவில்லை. பருக்கை மாட்டுகிறது என்று மனைவி சொன்ன இரண்டை மட்டும் மெழுகு வைத்து நிரப்பினேன்.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஒரு பலகையில் உளியால் வெட்டிய மூன்று கோடுகள் இருக்கும். எந்த உத்தரம் எந்தச் சுவரில் உட்கார வேண்டும் என்று வீடு கட்டிய ஆசாரி போட்ட அடையாளம் அது என்று எங்கள் தெரு ஆசாரி சொன்னார். இரண்டாவது உத்தரம் இன்னும் கொட்டகையில் இருக்கிறது. அதில் நாலு கோடு. மகளுக்குக் கட்டில் செய்யப் போகிறேன், தை பிறந்ததும் மில்லுக்குப் போகும். அந்த நாலு கோடு இருக்கும் துண்டைத் தலைமாட்டில், வெளியே தெரிகிற மாதிரி வைக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள்.