கிம்ப், ஃபோட்டோபீ, பெயிண்ட்.நெட்: சேமித்த படத்தை மறுபடி திருத்த எது கைகொடுக்கும்?

போட்டோவின் ஓரத்தை வெட்டுவது, அளவைக் குறைப்பது, இருட்டாக இருந்தால் வெளிச்சம் கூட்டுவது, மேலே ஒரு வரி எழுதுவது. புதிதாகக் கற்பவருக்கு ஆரம்பத்தில் வேண்டியது பெரும்பாலும் இவ்வளவுதான். கிம்ப், ஃபோட்டோபீ, பெயிண்ட்.நெட் மூன்றுமே இதைக் காசில்லாமல் செய்துவிடும். அதனால் வசதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்து ஒன்றும் முடிவாகாது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இன்று செய்த அழைப்பிதழை அடுத்த மாதம் திறந்து, தேதியை மட்டும் மாற்ற முடிகிறதா? அப்படிப் பார்த்தால் என் சாய்வு கிம்ப் பக்கம், அதுவும் 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்புக்குப் பிறகு.

பெயிண்ட்.நெட் கற்க மிகச் சுலபம். விண்டோஸில் மட்டும் ஓடும். செவ்வகமாகத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எக்ஸ் அழுத்தினால் படம் வெட்டப்படும். கண்ட்ரோல்+ஆர் அழுத்தினால் அளவு மாற்றும் பெட்டி வரும். ஜேபெக்காகச் சேமிக்கும்போது தரத்தைக் குறைக்கக் குறைக்க ஃபைல் எத்தனை கேபி ஆகிறது என்று அங்கேயே காட்டுவது நல்ல வசதி. அதிகாரபூர்வத் தளத்தில் இலவசம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அதே மென்பொருளுக்குக் காசு கேட்கும், குழம்ப வேண்டாம்.

சிக்கல் எழுத்தில் தொடங்குகிறது. ஒரு வரியைத் தட்டச்சு செய்துவிட்டு வேறு டூலுக்குப் போனால், அந்த வரி வெறும் புள்ளிகளாகப் படத்தோடு ஒட்டிவிடும். அதன் சொந்த பி.டி.என். வடிவத்தில் சேமித்தால் லேயர்கள் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் மாதிரியான அடுக்குகள்) தனித்தனியாக இருக்கும், ஆனால் எழுத்து எழுத்தாக இருக்காது. வெளிச்சத்தைச் சரிசெய்யும் லெவல்ஸ், கர்வ்ஸ் மாற்றங்களும் அப்படியே உள்ளே இறங்கிவிடும். ஃபைலை மூடிவிட்டால் பின்வாங்க வழியில்லை. இதிலேயே வேலை செய்பவர்கள் ஒவ்வொரு வரியையும் புது லேயரில் எழுதினால், பிறகு அந்த லேயரை மட்டும் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். ஜேபெக்கைத் திறந்ததும் முதல் வேலையாக வேறு பெயரில் சேமித்துவிடுங்கள். பழக்கதோஷத்தில் கண்ட்ரோல்+எஸ் அழுத்தினால் அசல் போட்டோ மேலேயே எழுதிவிடும்.

ஃபோட்டோபீ பிரவுசரிலேயே ஓடும், நிறுவ வேண்டியதில்லை. படம் எந்த சர்வருக்கும் ஏறுவதில்லை. வேலை முழுக்க உங்கள் கணினியில்தான் நடக்கிறது. மெனுக்கள் ஏறக்குறைய ஃபோட்டோஷாப் மாதிரியே இருப்பதால், ஃபோட்டோஷாப்புக்கான பாடங்களைப் பார்த்தே பழகலாம். ஃபோட்டோஷாப்பின் வடிவமான பி.எஸ்.டி.யாகச் சேமித்தால் எழுத்து எழுத்தாகவே இருக்கும். அட்ஜஸ்ட்மென்ட் லேயர், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (அசலைக் கெடுக்காமல் படத்தைப் பொதிந்து வைக்கும் லேயர்) இரண்டும் உண்டு. ஒரே அட்ஜஸ்ட்மென்ட் லேயரால் கீழே உள்ள அத்தனை லேயரின் வெளிச்சத்தையும் மாற்றி, எப்போது வேண்டுமானாலும் அதை அணைத்துவிட முடியும். கிம்ப் 3.0-இல் அந்த லேயர் கிடையாது, இந்த இடத்தில் ஃபோட்டோபீ ஒரு படி மேல்.

அப்புறம் ஏன் அது என் முதல் தேர்வு இல்லை? வேலை ஒரு பிரவுசர் டேபில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பி.எஸ்.டி.யாக இறக்கிக்கொள்ளாமல் டேபை மூடினால் போனது போனதுதான். பல பிரவுசர்களில் ஒவ்வொரு சேமிப்பும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் புதுப் பிரதியாக விழும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட பிரதிகளில் எது கடைசி என்று தேட வேண்டிவரும். ஃபான்ட் இன்னொரு தொல்லை. கணினியில் நிறுவிய தமிழ் ஃபான்ட் தானாக அங்கே தெரியும் என்று நினைக்காதீர்கள், ஃபான்ட் ஃபைலை இழுத்து உள்ளே போட வேண்டும். 4000×3000 அளவுள்ள போன் போட்டோ ஒன்று நினைவகத்தில் ஒரு லேயருக்கு ஏறக்குறைய 48 எம்பி பிடிக்கும். எட்டுப் பத்து லேயர் ஆனதும் பழைய கணினியில் பிரவுசர் மூச்சுவாங்கும். ஓரத்தில் விளம்பரமும் இருக்கும்.

கிம்ப் பற்றிப் புதியவர்கள் முதலில் குறைப்படுவது சேமிப்பைத்தான். கண்ட்ரோல்+எஸ் அழுத்தினால் அது தன் சொந்த எக்ஸ்.சி.எஃப். வடிவத்தில் மட்டுமே சேமிக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+இ அழுத்தி எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். எக்ஸ்போர்ட் செய்த பிறகும், மூடும்போது ‘சேமிக்கவில்லையே’ என்று கேட்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எரிச்சல்தான் அசலைக் காப்பாற்றுகிறது. லேயர், எழுத்து, மாஸ்க் (லேயரின் ஒரு பகுதியை மறைக்கும் திரை) எல்லாம் எக்ஸ்.சி.எஃப்.பில் பத்திரமாக இருக்க, அனுப்புவதற்கு மட்டும் ஜேபெக் எடுக்கும் பழக்கத்தைக் கிம்ப் கட்டாயமாக்கிவிடுகிறது. ஃபைல் மெனுவில் வரும் ‘ஓவர்ரைட்’ வரியை மட்டும் தொடாதீர்கள், அது அசல் ஜேபெக்கை மாற்றிவிடும்.

3.0-இல் கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் போட்டு ஓகே கொடுத்தால் அந்த மாற்றம் படத்தில் கரைவதில்லை. லேயர் பட்டியலில் அந்த லேயர் பக்கத்தில் ‘எஃப்.எக்ஸ்’ என்று ஒரு சின்னம் வரும். அதைச் சொடுக்கினால் போட்ட ஃபில்டர்கள் வரிசையாகத் தெரியும். கண் சின்னத்தை அணைத்து முன்பு எப்படி இருந்தது என்று பார்க்கலாம், அளவுகளைத் திறந்து திருத்தலாம். ஃபில்டர் பெட்டியின் அடியில் ‘மெர்ஜ் ஃபில்டர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் இருந்தால் பழையபடி கரைந்துவிடும், ஓகே கொடுக்கும் முன் ஒரு பார்வை பாருங்கள். பல லேயருக்குச் சேர்த்து வெளிச்சம் கூட்ட, அவற்றை ஒரு லேயர் குரூப்பில் போட்டு, குரூப்புக்கு லெவல்ஸ் கொடுங்கள். ஃபோட்டோபீ அளவுக்கு நேர்த்தியில்லை, வேலை நடக்கும்.

எழுத்தை எழுத்தாகவே வைத்திருக்க ஒரு கவனம் தேவை. எழுத்து சின்னதாகத் தெரிகிறதென்று ஸ்கேல் டூலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள். பிறகு அந்த வரியைத் திருத்தப் போனால், ‘இந்த லேயரை வேறு டூலால் மாற்றியிருக்கிறீர்கள், அந்த மாற்றம் போய்விடும்’ என்று எச்சரிக்கை வரும். டெக்ஸ்ட் டூலில் உள்ள அளவுப் பெட்டியில் எண்ணை மாற்றினால் இந்த வம்பே இல்லை.

பின்னணியை நீக்கும்போது அழிப்பானை எடுக்காமல் லேயர் மாஸ்க் போடுங்கள். லேயரில் வலது சொடுக்கி ‘ஆட் லேயர் மாஸ்க்’, வெள்ளை என்று தேர்ந்தெடுங்கள். கறுப்பு பிரஷ் தடவிய இடம் மறையும், வெள்ளை தடவினால் திரும்ப வரும். மாஸ்க்கில் இருக்கிறீர்களா, படத்தில் இருக்கிறீர்களா என்பதை லேயரைச் சுற்றியுள்ள கோடு சொல்லும்: பச்சையாக இருந்தால் மாஸ்க். இதைக் கவனிக்காமல் போட்டோ மீதே கறுப்பு பூசிவிடுவது சாதாரணமாக நடக்கும். அழிப்பான்தான் வேண்டுமென்றால், ஜேபெக்கில் அழித்த இடம் ஒளிபுகாமல் பின்னணி நிறம் பூசிக்கொள்ளும். முதலில் லேயர் மெனுவின் டிரான்ஸ்பரன்சி பகுதியில் ‘ஆட் ஆல்ஃபா சேனல்’ கொடுக்க வேண்டும், அப்போதுதான் அழித்த இடம் ஒளிபுகும்.

பிரஷ் தடவியும் எதுவுமே நடக்கவில்லையா? பாதி நேரம் முன்பு தேர்ந்தெடுத்த சின்னப் பகுதி ஒன்று எங்கோ மிச்சமிருக்கும், பிரஷ் அதற்குள் மட்டும்தான் வேலை செய்யும். அதை நீக்க கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏ அழுத்துங்கள். அப்படியும் இல்லையென்றால் வேறு லேயரில் நிற்கிறீர்கள்.

எக்ஸ்.சி.எஃப்.பின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஃபைல் பெரிதாகும், சேமிக்கும் பெட்டியில் கூடுதல் சுருக்கத்துக்கான கட்டத்தை டிக் செய்தால் ஓரளவு குறையும். 3.0-இல் ஃபில்டரோடு சேமித்ததைப் பழைய 2.10 பதிப்பு திறக்காது, எனவே இரண்டு கணினியில் வேலை செய்பவர்கள் இரண்டிலும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். கிம்பிலிருந்து பி.எஸ்.டி.யாக எக்ஸ்போர்ட் செய்தால் எழுத்து படமாகிவிடும். டிசைனர் ஒருவரோடு பி.எஸ்.டி. மாற்றி மாற்றி அனுப்பும் வேலை என்றால், யோசிக்காமல் ஃபோட்டோபீ பக்கம் போய்விடுங்கள்.

கிரிட்டாவை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அது ஓவியம் வரைவதற்கென்று செய்த மென்பொருள். போட்டோ வேலைக்கு அதை நான் குறைவாகவே தொட்டிருப்பதால் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

கடைசியாக, எக்ஸ்போர்ட் அளவுகள். போட்டோவுக்கு ஜேபெக், கிம்ப் தானாக வைக்கும் தரம் 90-ஏ போதும். 100 வைத்தால் ஃபைல்தான் வீங்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது அரிது. எழுத்தும் தட்டை நிறங்களும் நிறைந்த படத்துக்கு பி.என்.ஜி. அதையே ஜேபெக்காக அனுப்பியாக வேண்டுமென்றால், மேம்பட்ட அமைப்புகளில் சப்சாம்ப்ளிங் (நிற விவரத்தைக் குறைத்துச் சேமிக்கும் அமைப்பு) 4:4:4, அதாவது குறைக்காத நிலையில், இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சிவப்பு எழுத்தின் ஓரம் கலங்கித் தெரியும். குறிப்பிட்ட கேபிக்குள் அடக்க வேண்டியிருந்தால் முதலில் இமேஜ் மெனுவின் ‘ஸ்கேல் இமேஜ்’ மூலம் அகலத்தைக் குறையுங்கள், தரத்தில் கை வைப்பது அதன் பிறகு. 4000 பிக்சல் அகலத்தை அப்படியே விட்டுவிட்டுத் தரத்தை 20-க்கு இறக்கினால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக வரும். 1000-க்குச் சுருக்கிவிட்டு 80 வைத்தால் படம் சுத்தமாக இருக்கும்.