செக்கன் முள் கோட்டில் நிற்காத மணிக்கூட்டோடு எட்டு வருடம்

2017 இல் தாதியாக வேலை தொடங்கி, முதல் மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கைமணிக்கூடு இது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு கடையில் எடுத்தேன். சாதாரண குவார்ட்ஸ்தான். வெள்ளை டயல், நிமிடத்துக்கு ஒன்றாக மெல்லிய கறுப்புக் கோடுகள், சிவப்புச் செக்கன் முள். நாடித்துடிப்பு எண்ணும்போது செக்கன் முள் தெளிவாகத் தெரிய வேண்டும். வாங்கும்போது அதை மட்டும்தான் பார்த்தேன்.

ஒரு வாரம் கழித்து, இரவு வேலையில் மேசை விளக்கின் கீழ்தான் கண்ணில் பட்டது. முள் ஒரு கோட்டிலும் நிற்கவில்லை. 12 ஐத் தாண்டி ஒரு மயிரிழை தள்ளி நின்றது. 3 இலும் அப்படித்தான், 6 இலும் 9 இலும் அப்படித்தான். ஒவ்வொரு துள்ளலிலும் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் போய் நின்று, ஒரு நொடி மெல்ல நடுங்கி அடங்கும். காசு சேர்த்து வாங்கிய பொருள் என்பதால் மனம் கிடந்து அடித்தது. பழுதான ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

உள்ளே நடப்பது தெரிந்த பிறகுதான் மனம் ஆறியது. மணிக்கூட்டுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் பளிங்கு செக்கனுக்கு 32,768 தடவை அதிரும். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதி பாதியாக்கினால் 1 வரும். அதாவது செக்கனுக்கு ஒரு மின்துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே இருக்கும் குட்டி மோட்டார் அரைச்சுற்று சுற்றும். பற்சக்கரங்கள் அதை முப்பதில் ஒன்றாகக் குறைத்து, முள்ளை 6 பாகை நகர்த்தும். அறுபது துள்ளலில் ஒரு சுற்று முடிந்து, முள் திரும்பவும் அதே அறுபது இடங்களுக்கே வரும். அந்த இடங்களில் கோடு இருக்கிறதா இல்லையா என்று மோட்டாருக்குத் தெரியாது. டயலைப் பூட்டுவதும் முள்ளைக் குத்துவதும் வேறு வேலை. முள்ளின் அடியில் இருக்கும் சின்னக் குழாயை அச்சின் நுனியில் அழுத்திப் பொருத்துகிறார்கள். இறுக்கம் மட்டும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அழுத்தும்போது இரண்டு பாகை விலகினால் வாழ்நாள் முழுக்க இரண்டு பாகை விலகித்தான் நிற்கும். என்னுடையதைப் போன்ற டயலில் கோடுகளுக்கு இடையில் 1.4 மில்லிமீற்றர் அளவுதான் இடம். இரண்டு பாகை அதில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு விலகல் வெறும் கண்ணுக்கே தெரியும்.

நாடி எண்ணுவதற்கு இதனால் ஒரு குறையும் வரவில்லை. நான் எண்ணுவது முப்பது துள்ளலை, முள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதை அல்ல. நேரமும் பிசகவில்லை. இந்த வகை மணிக்கூடுகளுக்கு மாதம் 15, 20 செக்கன் வரை முந்தவோ பிந்தவோ செய்யலாம் என்று போட்டிருப்பார்கள். என்னுடையது மாதம் எட்டு செக்கன் அளவில் முந்தும். நல்லூரான் கோயில் நேரம் தவறாமைக்குப் பேர் போனது. திருவிழாக் காலத்தில் வீதியில் நின்று பூசை மணியோடு ஒத்துப் பார்த்தபோதெல்லாம் சரியாகவே இருந்திருக்கிறது.

அப்படியே விட்டிருக்க வேண்டும். மூன்றாவது வருடம் முள் இரண்டு செக்கனுக்கு ஒரு தடவை துள்ளத் தொடங்கியது. பல மணிக்கூடுகளில் அது பற்றறி முடியப் போகிறது என்பதற்கான அறிகுறி. வேறொரு கடையில் மாற்றக் கொடுத்தபோது, முள்ளையும் நேராக்கித் தாருங்கள் என்று சொன்னேன். அங்கேயே கழற்றிப் பூட்டித் தந்தார்கள். முதல் நாள் எல்லாக் கோட்டிலும் அச்சாவாக நின்றது. ஒரு மாதத்தில் அரைக்கோடு பின்னால் போனது. கட்டில் கம்பியில் கை இடித்த ஒரு நாள், ஒரேயடியாக மூன்று கோடு பின்வாங்கிவிட்டது. குழாய் தளர்ந்திருந்தது. விலகல் நாளுக்கு நாள் மாறினால் அதுதான் காரணம். அதை மட்டும் உடனே காட்ட வேண்டும்.

கடைசியில் யாழ்ப்பாணத்துப் பெரிய கடை என்னும் கடைத்தெருப் பக்கம் நாற்பது வருடமாக மணிக்கூடு திருத்தும் ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் கண்ணாடிக் குழலைச் செருகிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "பிள்ளை, முந்தி ஒரே அளவா விலகி நிண்டதெல்லே, அது பழுதே இல்லை. ஒவ்வொருக்கா கழட்டேக்கையும் குழாய் தளரும். இனி இதைக் கழட்ட விடாதேங்கோ." குழாயை இறுக்கி, முள்ளை 12 இல் வைத்து அழுத்தித் தந்தார்.

அதன் பிறகு 12 இலும் 6 இலும் கோட்டின் மேலேயே நிற்கிறது. 3 இல் கோட்டின் தடிப்பில் பாதி அளவு முந்தும், 9 இல் அதே அளவு பிந்தும். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம் என்று ஐயாவே சொன்னார். பற்களுக்கிடையே இருக்கும் இடைவெளி ஒன்று. மணிக்கூட்டை நிமிர்த்திப் பிடித்தால், வலப்பக்கம் இறங்கும் முள் தன் பாரத்தால் கொஞ்சம் முன்னே சாயும், இடப்பக்கம் ஏறும்போது பின்னே சாயும். மற்றது, டயலின் மையமும் அச்சும் ஒன்றாக இல்லாதது. எது என்று அறிய, 6 மேலே இருக்கும்படி தலைகீழாகப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். பாரத்தால் வந்ததென்றால் முந்துவதும் பிந்துவதும் பக்கம் மாற வேண்டும். என்னுடையது மாறவில்லை. ஆகவே டயல்தான். அது 12 இன் பக்கமாக 0.1 மில்லிமீற்றர் தள்ளி இருந்தாலே இந்த அளவு விலகல் வந்துவிடும், ஏனென்றால் கோடே 0.2 மில்லிமீற்றர் தடிப்புத்தான். முள்ளை எத்தனை தரம் கழற்றிப் பூட்டினாலும் இது போகாது.

பல் இடைவெளியைத் தானே சரிசெய்யும் பொறியோடு, ஜப்பானிய மணிக்கூட்டு வகையான கிராண்ட் சேய்கோ 1993 இல் 9எஃப் என்ற குவார்ட்ஸ் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. கோட்டில் நிற்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய மரியாதையைத் தருகிறது. விலைதான் எட்டாது.

ஒன்று மட்டும் எல்லாரும் செய்யலாம். நேரம் வைக்கும்போது செக்கன் முள் 12 க்கு வந்ததும் திருகியை இழுத்து நிறுத்துங்கள். பிறகு நிமிட முள்ளை ஒரு கோட்டின் மேல் சரியாக வையுங்கள். அரைக்கோட்டில் வைத்தால் 10.14 ஆ 10.15 ஆ என்று ஒவ்வொரு தரமும் யோசிக்க வேண்டி வரும்.

போன தை மாதம் தங்கச்சிக்கு ஒன்று வாங்கப் போனோம். கடைக்காரர் எடுத்துத் தந்த ஒவ்வொன்றையும் நேரே முகத்துக்கு எதிரே பிடித்து, ஒரு நிமிடம் முழுக்கப் பார்த்தேன், 12, 3, 6, 9. சரித்துப் பார்த்தால் நேரான முள்ளும் விலகினது போலத்தான் தெரியும். நாலாவதை எடுத்துக்கொண்டோம்.